ஒன்பதில் நின்ற எண்

பர்மாவின் சகாயிங் ஊர் ஆற்றங்கரையில் புத்தருக்குப் புதுப் பகோடா எழும்பிய நான்கு வருஷமும் செங்கல் எண்ணியவர் ஊ போ தவுங். கரையில் எல்லாருக்கும் அவர் 'ஊலே', அதாவது மாமா. படிப்பு மூன்றாம் வகுப்பு. யாரையும் நம்பமாட்டார். சொந்த மைத்துனன் இறக்கிய கல்லையே இரண்டு தடவை எண்ணிய ஆள்.

பகோடாவுக்கு நேர்ந்த கல் ஒன்பது ஒன்பதாகத்தான் கரையேற வேண்டும். அதனால் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். ஒன்பதில் வந்து நின்றால் நல்ல எண். நிற்காவிட்டால் சொன்னவன் திருடன்.

ஒரு கோடை முடிவில் சூளைக்காரன் தான் அனுப்பிய கல்லின் மொத்தக் கணக்கைப் போனில் சொன்னான். பலகையில் எழுதினார்: 79,326. கூட்டினால் இருபத்தேழு, இரண்டும் ஏழும் ஒன்பது. சரி. கரையில் இருந்த கல்லோ 73,926. அதுவும் இருபத்தேழு. குறைவது 5,400. அதையும் விடவில்லை, கூட்டினார். ஒன்பது!

கல் ஏற்றிவந்தது ஒரே படகு. மா ஹ்லா யினுடையது.

"பாத்தீங்களா, திருடுறதுலயும் ஒன்பது ஒன்பதா எடுத்திருக்கா. விவரமான கை" என்று திருப்பணிக் குழுவிடம் போட்டுக்கொடுத்தார். சாயங்காலம் குழு கூடும். குற்றம் என்று ஆனால் அவள் படகு இனி அந்தத் துறையில் ஒதுங்க முடியாது. புருஷன் இல்லாத வீட்டுக்கு அந்தப் படகுதான் சோறு.

சேதி எட்டியதும், கன்னத்தில் வெயிலுக்கு அரைத்துப் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் வழிய, கரையேறி வந்தாள்.

"ஏன் ஊலே, சாமி கல்லத் திருடி நான் என்ன அரண்மனையா கட்டியிருக்கேன்? சூளைக்குத் திரும்பப் போன் போடுங்க."

"எதுக்குப் போடணும்? எண்ணு ஒன்பதுல நிக்குது. பொய் எண்ணு நிக்காது."

"நிக்காதா?" அவள் பலகையில் ஒன்பதையும் மூன்றையும் அழித்து இடம் மாற்றி எழுதினாள். "இப்பக் கூட்டுங்க."

இருபத்தேழு. கரையில் கிடந்த கல்லின் எண்ணேதான். சாக்குக்கட்டியைப் பிடுங்கிக் கடைசி இரண்டை மாற்றினார். இருபத்தேழு. தலைகீழாக எழுதினார். அப்போதும் இருபத்தேழு.

"இந்த வித்தைய யாருடி சொல்லிக் குடுத்தா?"

"வித்தை என்ன வித்தை! படகுல நாலு பேரு இடம் மாறி உக்காந்தா பாரம் கூடிருமா?"

போன் போட்டார். சூளைக்காரன் கோ ஞோ சிரித்தான். "எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. அன்னைக்கு என்னத்தையோ மென்னுக்கிட்டே எழுதுனீங்க, ஊலே."

குழு கூடியதும் ஊ போ தவுங் எழுந்து நின்றார். "களவு இல்ல. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

"படித்துறைக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க" என்றாள் மா ஹ்லா யின். சொன்னார். அவள் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கோடையில் அவளையும் பக்கத்தில் நிறுத்தித் தனியாக எண்ணச் சொன்னார். இருவர் எண்ணும் ஒத்துப்போனால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

"இப்ப யாரு மேல சந்தேகம், ஊலே?"

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல தப்பு பண்ணிருந்தா? நீ எண்ணு."