மூன்றாம் பாகத்தை இலையோரம் வைத்தேன்

தம்பியின் காரியத்தன்று படையலில் தவறான புத்தகத்தை வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததல்ல. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிரியாணி வைத்தோம். வேகவைத்த மல்லாட்டைக் கடலை வைத்தோம். "எந்நேரமும் பொம்ம புக்கு ஒண்ண வெச்சிக்கினு கெடப்பானே, அதுல ஒண்ணு எடுத்தாந்து வையேன்டா" என்றாள் அத்தை. அலமாரியில் கையை விட்டேன். கையில் வந்ததைக் கொண்டுபோய் இலையோரம் வைத்தேன்.

அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். செய் என்றதைச் செய்தேன், உட்கார் என்றால் உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டு அருகே அவன் வண்டி மேல் லாரி ஏறிவிட்டதென்று போன் வந்தபோது, "சரி" என்று சொல்லிவிட்டு வைத்தேனாம். அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சித்தி என் காதில் விழும்படியே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

படையல் போட்டதும் அறைக்கதவைச் சாத்திவிடுவோம். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்து அம்மா தட்டிவிட்டுத் திறப்பாள். அதுவரை எல்லோரும் வெளியே காத்திருக்க வேண்டும். அம்மா சாத்திய கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தம்பியின் சிநேகிதன் என் பக்கத்தில் வந்து நின்றான். கோட்டக்குப்பத்துப் பையன். விழுப்புரத்தில் இருவரும் ஒரே செல்போன் கடையில் வேலை பார்த்தார்கள்.

"எந்த பாகம்ண்ணே வெச்சீங்க?"

"மூணாவதுன்னு நெனைக்கிறேன்."

"பேஜாரு பண்ணிட்டீங்களேண்ணே. அதப் பாத்தா அவன் சாப்புடாமலே எழுந்து போயிடுவான்."

அவன் சொன்னது நியாயம். அது மூன்று பாகமாக வந்த காமிக்ஸ் கதை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், ஆளுக்குப் பாதிக் காசு போட்டு நாங்கள் வாங்கியது. இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகன் குண்டடிபட்டு ஆற்றில் விழுவான். முகமூடி மட்டும் மிதக்கும். மூன்றாம் பாகத்தில் அவனுடைய உதவியாள் அதே முகமூடியை மாட்டிக்கொண்டு வருவான். திரும்ப வந்துவிட்டான் என்று ஊரே கொண்டாடும். தம்பி மூன்றாம் பாகத்தை ஒரு புத்தகமாகவே மதித்ததில்லை.

இப்போது அதே நாயகனை வைத்துப் படம் வரப்போகிறது. டீசரின் கடைசியில், உறை போட்ட ஒரு கை ஆற்றிலிருந்து முகமூடியை எடுக்கும். யாருடைய கை? எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு வேறு பேச்சே கிடையாது. இது மூன்றாம் பாகத்துக் கதைதான், முகமூடி யார் முகத்தில் இருக்கிறதோ அவன்தான் நாயகன் என்பது என் கட்சி. இரண்டாம் பாகத்தோடு படம் முடிந்துவிடும் என்பது அவன் கட்சி. "இவ்ளோ காசு போட்டவன் ஹீரோ இல்லாம படத்த முடிப்பானாடா?" என்பேன். "வேற ஒருத்தன் மாட்டிக்கினா அவன் எப்டிண்ணே இவனாவான்?" என்று எரிந்து விழுவான். முதல் நாள் முதல் காட்சிக்குச் சேர்ந்து போவது, தோற்றவன் வெளியே வந்து எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வது என்று பேச்சு. அவன் பேச்சில் நிற்கவில்லை.

"நேத்து டிரெய்லர் உட்டுட்டான்ணே. பாத்தீங்களா?" என்றான் சிநேகிதன்.

காரிய வீட்டில் கேட்கிற கேள்வியா என்று யாராவது அவனைத் திட்டியிருப்பார்கள். எனக்கென்னவோ அது ஆறுதலாக இருந்தது. வந்தவர்களெல்லாம் எப்படி நடந்தது, தலையிலா அடி என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்து அவன் போனில் பார்த்தோம். முகமூடி ஆற்றில் மிதந்தது. கை எடுத்தது. கடைசியில் ஒரு கட்டடத்தின் உச்சியில், முகமூடியோடு ஓர் உருவம் எழுந்து நின்றது.

"பாத்தியா, வந்துட்டான்" என்றேன். என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா தலையைத் தூக்கினாள். "யார்ரா வந்துட்டது?"

சிநேகிதன் போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

"படத்துலம்மா. செத்துப்போன ஹீரோ."

"செத்தவன் எப்டி வந்தான்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "வேற ஒருத்தன் அவன் முகமூடியப் போட்டுக்கினு வர்றாம்மா. ஊரு அவன்தான்னு நெனச்சிக்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இவன் அவன் இல்லியே" என்றாள். தம்பி சொல்கிற அதே எரிச்சலோடு சொன்னாள். பிறகு எழுந்து, கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

பிரியாணி வைத்தது வைத்தபடி இருந்தது. நான் மூன்றாம் பாகத்தை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, இரண்டாம் பாகத்தைத் தேடி எடுத்து வந்தேன்.

"எதுக்குடா மாத்துற?" என்றாள் அம்மா.

"இதுல அவன் திரும்பி வர மாட்டாம்மா. தம்பிக்கு இதான் புடிக்கும்."

அவள் அதை வாங்கி, முந்தானையால் அட்டையைத் துடைத்து, இலையோரம் தானே வைத்தாள்.

டிரெய்லரைப் பார்த்தால் என் கட்சிதான் ஜெயித்திருந்தது. அதைச் சொல்லி வெறுப்பேற்ற அவன் இல்லை. அன்றைக்குத்தான், அந்த இலைக்கு முன்னால், எனக்கு அழுகை வந்தது.