பட்டம்மா அளவு

பட்டு போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு உறவுக்காரர்கள் மூலம் வரவில்லை, அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. மந்தைவெளியில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஏழுமலை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து சொன்னார். "அம்மா, விசயம் தெரியுமா? நம்ம பட்டம்மா காத்தால பூட்டாங்கம்மா. காபி போட்டுக்கினு இருந்தாங்களாம். நெஞ்ச புடிச்சிக்கினு அப்டியே குந்திட்டாங்களாம்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஆனால் பாருங்கள், ரிசீவரை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு கேள்வி: யாராவது அடுப்பை அணைத்தார்களா? பட்டு இருந்திருந்தால் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

லீவு நாளில் சேர்ந்து கோயில் சுற்றும் நம் வேன் கூட்டத்தில் அவளைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் குட்டி சிலிண்டர் சமாசாரம் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

நானும் அவளும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். லீவு சேர்ந்தாற்போல வந்தால் போதும், வேன் பேசி, நாலைந்து குடும்பங்களைத் திரட்டி, கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஓட்டல் சாப்பாடு அவளுக்கு ஆகாது. "யார் கை பட்டதோ" என்கிற ஆசாரமெல்லாம் இல்லை. "அவா ரசத்துல பெருங்காயத்தைக் காட்டிட்டு எடுத்துடறா" என்பதுதான் அவள் குறை. அதனால் வேனில் எப்போதும் ஒரு குட்டி சிலிண்டர் வரும். இடுப்பில் தூக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அது. தலையிலேயே பர்னரைத் திருகிவிட்டால் அதுவே அடுப்பு. புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, உப்புமாவுக்குத் தாளிக்கிற வாசனை வந்தால் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குட்டியை அவள் வெறும் அடுப்பாகப் பார்த்ததே இல்லை. எரிய எரிய அதன் உடம்பு ஏன் சில்லென்று ஆகிறது, ஏன் வேர்க்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "மேல நெருப்பு, கீழ ஐஸ். இது என்ன ஜென்மம்டி கோமு?" என்பாள். யோசித்ததோடு விடவில்லை. தயிர் புளிக்காமல் இருக்கத் தூக்கை அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டாள். தயிரும் புளிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவளைப் பிடிக்க முடியவில்லை, அத்தனை பெருமை.

இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். கொசுறு. மாட வீதியில் காய் வாங்கினால் ஒரு கொத்து கருவேப்பிலை கொசுறு, பூ வாங்கினால் முழத்துக்கு மேல் ஒரு சாண் கொசுறு. கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும். "கேக்கறதுக்கு என்னடி கூச்சம்? குடுக்கறவா சிரிச்சுண்டே குடுக்கறா, நான் சிரிச்சுண்டே வாங்கிக்கறேன்" என்பாள். அது உண்மைதான். அவளிடம் கொசுறு கொடுக்காத கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

குட்டியை ஏழுமலை கடையில்தான் நிரப்புவோம். கடைக்குப் பின்னால் பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து, ரப்பர் குழாய் வழியாகச் சின்னதுக்கு இறக்குவார். சட்டப்படி கூடாத காரியம் என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும் மயிலாப்பூரில் பாதிப் பேச்சிலர்களின் சாதம் அதில்தான் வெந்தது. சிதம்பரம் போவதற்கு முதல் நாள் பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். நல்ல சித்திரை வெயில். குட்டியை ஒரு தொட்டியில், பட்டினப்பாக்கம் மீன் கடையிலிருந்து வந்த ஐஸில் உட்கார்த்தியிருந்தார் ஏழுமலை.

"ஐஸ் எதுக்குப்பா?"

"சில்லுனு கீதுன்னா சரசரன்னு எறங்கும்மா. இல்லாட்டி பாதில நின்னுக்கும்."

"அப்படியா! அப்ப நன்னா ஐஸ்ல முக்கி இன்னும் கொஞ்சம் எறக்கேன். எத்தனை நாளா வரேன், ஒரு கொசுறு கெடையாதா?"

"ஒனக்கு இல்லாததாம்மா?" என்று சிரித்துவிட்டு, இன்னும் ஒரு கூடை ஐஸைக் கொட்டினார் அவர். திரும்பி வரும்போது பட்டு குட்டியை என் காதருகே ஆட்டிக் காட்டினாள். "கேளு, ஒரு சத்தம் கெடையாது. கல்லு மாதிரி ரொம்பியிருக்கு."

மறுநாள் வேனில் கடைசி சீட்டு என் கணவருக்கு. மாடிப்படியில் வழுக்கி, தொடை வரை மாவுக்கட்டு. கட்டோடு சிதம்பரம் வந்தே தீருவேன் என்று பிடிவாதம். அவரை நீட்டிப் படுக்க வைத்தோம். அந்தச் சீட்டுக்கு அடியில்தான் குட்டி. திண்டிவனம் தாண்டி உச்சி வெயில் ஏறிய நேரம், டிரைவர் செல்வம் மூக்கை உறிஞ்சினார். "இன்னாம்மா நாத்தம்? கோசு கீசு அழுவிப்போச்சா?"

அப்புறம்தான் எல்லோருக்கும் கேட்டது. சீட்டுக்கு அடியில் பாம்பு மாதிரி ஒரு சீறல்.

வேன் நின்றது. கதவருகில் இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். நான் இவருடைய கையைப் பிடித்து இழுக்கிறேன், மனிதர் அசையவில்லை. கட்டுப் போட்ட கால் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "யாராவது தூக்குங்கோளேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. இறங்கி ஓடிய கூட்டத்திலிருந்து ஒருத்தி திரும்பி ஏறி வந்தாள். பட்டு. இவரைத் தூக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் இவரைத் தொடவே இல்லை. குனிந்து, தண்ணீர்க் குடத்தில் நனைத்த சாக்கைச் சீட்டுக்கு அடியில் போட்டாள்.

"மாமாவை நகத்தறதை விட இதை நகத்தறது சுலபம்டி. நகரு!"

சாக்கில் சுற்றிய குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். "செல்வம், பீடி கீடி எடுத்தே, தொலைச்சுடுவேன்!" என்று கத்திக்கொண்டே வரப்பில் நடந்தாள். அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு வேப்பமர நிழலில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்து வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சீறல் மெல்ல மெல்ல அடங்கியது.

அன்றைக்குச் சமையல் இல்லை, எல்லோருக்கும் வாழைப்பழம்தான். பழத்தை உரித்துக்கொண்டே ஆளாளுக்கு ஏழுமலையைத் திட்டினார்கள். ஊருக்குப் போனதும் போலீசில் சொல்லிக் கடையை இழுத்து மூடவைக்கிறேன் என்றார் ஒருவர். பட்டு எழுந்து நின்றாள். "ஏழுமலையை ஒண்ணும் சொல்லாதேங்கோ. கொசுறு கேட்டது நான்" என்றாள். அவ்வளவுதான். சப்பைக்கட்டு இல்லை, கண்ணைக் கசக்கவில்லை. பிறகு திரும்பி அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெருப்பும் இல்லே, ஓட்டையும் இல்லே. சும்மா ஒக்காந்துண்டு இருந்தது ஏன்டி சீறணும்?"

ஊர் திரும்பியதும் அவள் ஏழுமலையோடு சண்டைக்குப் போகவில்லை. நேரே எங்காத்து ஃபிரிட்ஜுக்கு வந்தாள். ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயை விளிம்பு வரை ஊற்றி உள்ளே வைத்தாள். எண்ணெய் உறைந்ததும் பாட்டிலின் கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அந்த இடத்திலும் எண்ணெயை ஊற்றி நிரப்பி, கார்க்கை அழுத்தி மூடி, என் பால்கனி வெயிலில் வைத்துவிட்டுக் காபி குடித்தாள். காபி முடிந்து கொஞ்ச நேரத்தில் டப்பென்று சத்தம். கார்க் எகிறி, எண்ணெய் என் புதுச் சுண்ணாம்புச் சுவரில் வழிந்தது. அந்தக் கறை இன்னமும் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கைதட்டினாள். "பாத்தியா! குளுந்தா சுருங்கிண்டு எடம் குடுக்கறது. அந்த எடத்தையும் நாம ரொப்பிட்டா, வெயில்ல அது எங்கேடி போகும்? குட்டியும் அதான் வாய் வழியா சீறித்து."

மறுநாள் அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏழுமலை கடைக்குப் போனோம். அவர் காதுக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. "நீ கேட்டேன்னு ஆசையா போட்டேம்மா. உன்னிய கொல்லப் பாத்துட்டேனே" என்று அழுதுவிட்டார். "எனக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. இப்ப தெரிஞ்சுண்டோம். இந்த எண்ணெயைப் பாரு" என்று வேடிக்கையை முதலிலிருந்து ஆரம்பித்தாள் பட்டு. அழுதுகொண்டிருந்தவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். "அட, ஆமா!" என்றார்.

அன்றோடு ஐஸ் தொட்டி போயிற்று. மீன் கடைத் தராசு ஒன்று வந்தது. காலி எடையைப் பார்த்து, நிரப்பிய எடையைப் பார்த்து, மேலே கொஞ்சம் காலியாக விட்டுத்தான் கொடுப்பார். யாராவது "இன்னா நைனா, கம்மியா கீது?" என்று கேட்டால், "பட்டம்மா அளவு, அவ்ளோதான்" என்பார். குட்டியை வாங்கிக்கொண்டதும் பட்டு காதருகே ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டால்தான் கிளம்புவாள். காய்க்காரியிடம் மட்டும் கொசுறு நிற்கவே இல்லை. "கருவேப்பிலை வெடிக்காதுடி" என்றாள்.

காரியங்கள் முடிந்தபின் அவள் மகன் அந்தக் குட்டி சிலிண்டரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். கும்பகோணம் போவதாக அவள் வேன் பேசி முன்பணமும் கொடுத்திருந்தாள். போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். நிரப்ப எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலை தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அவங்க நெனப்பா ஒரு துளி கூடப் போடட்டாம்மா?"

"போட்டே, மேலேர்ந்து எறங்கி வந்து திட்டுவா" என்றேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். வாங்கி ஆட்டிப் பார்த்தேன், தளும்பியது.

போன வாரம் கும்பகோணம் போய்வந்தோம். குட்டி அதே கடைசி சீட்டுக்கு அடியில்தான் வந்தது. ரசத்தில் பெருங்காயம் அவள் போடுகிற அளவுக்கு எனக்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பட்டு எனக்கு என்ன விட்டுவிட்டுப் போனாள் என்று வழியில் யாரோ கேட்டார்கள். குட்டி சிலிண்டரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் இவர்.