அக்கா எடுக்கும் வரை நாலு சுரம்

பேஸ் கிடார் வாசிக்கிறவனை யாருக்கும் தெரியாது. பாடுகிறவளைப் படம் பிடிப்பார்கள். டிரம்ஸ்காரன் குச்சியைச் சுழற்றினால் விசிலடிப்பார்கள். பின்னால் ஓரமாக நிற்கிற குண்டு ஆசாமியை ஸ்பீக்கருக்குக் காவல் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய காலை ஆட்டி வைப்பதே அந்த ஆசாமிதான் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாட்டுக் கேட்கிற ஜனங்களைப் போல நன்றி கெட்டவர்கள் உலகத்தில் இல்லை.

அந்த ஆசாமிக்குத் தூண் என்று பேர் வைத்தது அவனுடைய அக்கா. நின்ற இடத்தை விட்டு அசையாமல் வாசிப்பான், அதனால் தூண். அவன் வாசிக்கிற இசைக்குழுவின் பாடகி அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, "நாலே கம்பிதான், இதாவது வருதா பாரு" என்று கிடாரைக் கையில் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இவனுக்குக் கல்யாணம் நடக்கவே இல்லை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒற்றுமையாக இருந்தார்கள்.

"எல்லாரும் பாட்டு வாசிக்கிறாங்க. இவன் மட்டும் சுவத்துல ஆணி அடிக்கிறான்" என்று அவள் குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்வாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ஒரே ஒரு தடவையாவது அவள் வாயால் 'நல்லா இருந்துச்சுடா' என்று வந்துவிடாதா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டேதான் இருந்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்த ஏக்கம் போகவில்லை.

அவர்களுடைய குழுவுக்கென்று சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. அது அவனுடைய நாலு சுரத்தில்தான் தொடங்கும். இரண்டு படி இறங்கி, ஒரு படி ஏறி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும். அவ்வளவுதான். குழந்தைகூட வாசித்துவிடும். முதல் சுற்றில் கேட்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. அடுத்த சுற்றில் கால் கட்டைவிரல் தானாக அசையும். அதற்கப்புறம் காதை விட்டு நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிடும். இது நின்றுவிடக் கூடாதே என்று மனசு கெஞ்ச ஆரம்பிக்கும். அந்தச் சமயம் பார்த்து அக்கா பாட்டை எடுப்பாள்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் அவள் எடுக்கவில்லை. பின்னால் நின்ற தூணுக்கு அவள் முகம் தெரியாது, கழுத்துதான் தெரியும். கழுத்து விறைத்திருந்தது. கை, துப்பட்டாவின் ஓரத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. அவன் டிரம்ஸ்காரனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அதே நாலு சுரத்தை மறுபடி வாசித்தான். மறுபடியும். மறுபடியும். கடைசியில் அவளுக்கு வார்த்தை வந்தது. அதற்குள் கூட்டம் எழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா அவ்ளோ இழுத்தே?" என்றாள், மேடையை விட்டு இறங்கியதும்.

"சும்மாதான்க்கா. நல்லா இருந்துச்சு, விட மனசு வரலை."

"ஆணி அடிக்கிறவனுக்கு ஆசையைப் பாரு!"

கீபோர்டுக்காரர்தான் குழுவுக்குத் தலைவர். அவருக்கு வாயெல்லாம் பல். "இனிமே எல்லா இடத்துலயும் இப்படியே இழுத்துடு தூணு. சும்மா மயங்கிக் கிடக்குறாங்க!" என்றார். அதிலிருந்து அந்த இழுவையைக் கேட்கவென்றே ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அது நீண்டுகொண்டே போனதற்குக் காரணம் ரசனை என்று எல்லோரும் நம்பினார்கள்.

காரணம் தூணுக்கு மட்டும் தெரியும். முட்டுக்கொடுப்பது அவனுக்குக் கைவந்த கலை. யார் தடுமாறினாலும் கீழே ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால் வெளியே தெரியாது என்பதுதான் அவன் கற்றிருந்த தொழில். அதையே வீட்டிலும் செய்தான். அடுப்பில் பால் தீய்ந்துபோனால், "நான்தான்க்கா மறந்துட்டேன்" என்பான். அவள் சாவியைத் தொலைத்தால், தன்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியை எடுத்து, "என்கிட்டதான்க்கா இருந்துச்சு" என்று கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்வான். டயர் கடைக்காரரை யாரென்று தெரியாமல் அவள் விழித்தால், இவன் முந்திக்கொண்டு அவர் பேரைச் சொல்லி வணக்கம் வைப்பான். எல்லாவற்றையும் பூசி மெழுகி, அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று கடைசியில் தானே நம்பிவிட்டான்.

பேருந்து நிலையத்தில் எந்த வண்டியில் ஏறுவதென்று தெரியாமல் அவள் அழுதுகொண்டு நின்ற அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பரிசோதித்த டாக்டரம்மா, அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கொஞ்சமாவது தள்ளிப் போட்டிருக்கலாமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

கவனித்தவன்தான் எதிரே உட்கார்ந்திருந்தான். கவனித்தபடியே மூடி மறைத்தவன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனுடைய நாலு சுரத்தின் மேல் அவனுக்கே வெறுப்பு வந்தது.

இனி மேடை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். "மேடை போச்சுன்னா நானும் போயிடுவேன்டா" என்றாள் அக்கா. அன்று அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. தனக்கு என்ன வந்திருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. நீ பின்னால இருக்கேல்ல?"

"இருக்கேன்க்கா."

அந்த ஒன்று, ஒரு கல்லூரி அரங்கத்தில் மத்தியான நிகழ்ச்சி. தூண் நாலு சுரத்தைத் தொடங்கியதுமே பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். சுற்று போய்க்கொண்டே இருந்தது. அக்கா எடுக்கவில்லை. கீபோர்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். தூணின் விரல் நுனி எரிந்தது. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது விறைக்கவில்லை. அது தாளத்துக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மைக்கை விட்டுவிட்டுத் திரும்பி அவனிடம் நடந்து வந்தாள். இத்தனை வருஷத்தில் மேடையில் அவனைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பக்கத்தில் வந்து, அவன் விரல்களைக் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க தம்பி" என்றாள். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான். வருஷக்கணக்கா ஆணி அடிக்கிறான், இப்படி வரமாட்டேங்குது. ஒருநாள் வந்து அவனுக்குச் சொல்லிக் குடுங்களேன்."

"வரேங்க" என்றான் தூண்.

"நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் நிறுத்தவில்லை.