மாப்பிள்ளை கைப்பட எழுதியது

தபால் கொடுப்பவளின் பையில் இப்போதெல்லாம் பாங்கு நோட்டீசும் பார்சலும்தான். பேனாவால் எழுதிய கடிதம் ஒன்று தென்பட்டால், என்னைப் போல் வெயிலில் ஸ்கூட்டி ஓட்டும் சக தபால்காரர்களே, அன்றைக்கு நமக்குத் திருவிழாதானே?

பெண் போட்ட நிபந்தனை

புதுவயலில் ஒரு ரைஸ்மில் ஆபீசில் வேலை பார்ப்பவள் தேவி. நாட்டரசன்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தேவி மட்டும், மாப்பிள்ளை கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும், அதைப் படித்துவிட்டுத்தான் பதில் என்று சொல்லிவிட்டாள். நல்ல வரன் கைநழுவிவிடுமோ என்று அவள் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. போனில் மெசேஜ் போட்டால் போதாதா என்று நானும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மெசேஜ யாரு எழுதுறாகன்னு எப்படிக்கா தெரியும்? இப்பத்தான் போனே எழுதிக் குடுக்குதே!"

முதல் கடிதம்

சீக்கிரமே ஒரு கவர் வந்தது. மில் வாசலிலேயே கொடுத்தேன். உள்ளே கம்ப்யூட்டரில் அடித்த முழுப்பக்கம். நிலா, தென்றல், வாழ்க்கைப் பயணம் என்று ஒன்று பாக்கியில்லை. அடியில் கையெழுத்து மட்டும் பேனாவில். எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும் ஒரு மனுஷனுக்கு உறைக்காதா? தேவி தாளை மடித்துக் கவரில் போட்டாள்.

"நான் போனக் கட்டிக்கப் போறதில்லன்னு அங்குட்டுச் சொல்லி விடணும்க்கா."

நாலு மூலையிலும் மஞ்சள்

அடுத்து வந்தது இன்லண்ட் லெட்டர், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. வீட்டு வாசலில் அதைப் பார்த்ததுதான் தாமதம், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, தேவியின் அம்மா அக்கம்பக்கத்துக்குக் கல்கண்டு கொடுக்க ஓடிவிட்டார். சம்மதம் சொல்ல வேண்டியவளோ கடிதத்தை இன்னும் பிரிக்கவே இல்லை! கொடுத்ததும் கிளம்புவதுதான் என் வேலை. கால் நகரவில்லை. கல்கண்டு தின்ற ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு.

தேவி பிரித்தாள். கோழி கிளறியது போல எழுத்து, வரிக்கு வரி அடித்தல் திருத்தல். மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சத்தமாகப் படித்தாள்: "அன்னைக்கு நீங்க குடுத்த காபியில சர்க்கரை இல்ல. சொன்னா சங்கடப்படுவீகன்னு ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சேன். மஞ்சள் அம்மா தடவுனது. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

காலித் தட்டோடு அம்மா திரும்பியபோது தேவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவுகளையே முடிச்சிருங்கம்மா. இத எந்தப் போனும் எழுதாது."

இவ்வளவு நடந்தும், கல்யாணப் பத்திரிகை எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது!