சாட்சிக் கூண்டில் சொட்டிய தண்ணீர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இதைக் கண்ணால்தான் பார்த்தேன், அதுவும் பட்டப்பகலில், கடலூர் கோர்ட்டில்.

என் தங்கை செல்வியை வீராணம் ஏரியிலிருந்து பிணமாக எடுத்தார்கள். அவள் புருஷன்தான் தள்ளிவிட்டான் என்று கேஸ். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிக்கரையில் போனதைப் பார்த்த ஒரே ஆள் எங்கள் தாய்மாமன் கலியமூர்த்தி. 2009இல் விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் நல்ல மனுஷர். முந்தின நாளே எங்களைக் கூப்பிட்டு, மாமா போலீசில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். என்னிடம், "அழுக வந்தா எழுந்து வெளிய போயிடும்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார்.

"பார்த்தத பார்த்தேன்னு சொல்லப்போறேன், இதுல என்னா பயம்?" என்றார் மாமா. அன்று என் வீட்டில்தான் சாப்பிட்டார், நான்தான் பரிமாறினேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் கூண்டில் ஏறி, "நான் யாரையும் பாக்கலைங்கய்யா" என்றார்.

அரசு வக்கீலுக்கு முகம் சுண்டிப்போனது. பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி ஜட்ஜிடம் கேட்டு, எங்கள் சாட்சியையே அவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதாயிற்று. முத்திரை வைத்த கவரைப் பிரித்து, செல்வி கடைசியாகக் கட்டியிருந்த பச்சைப் புடவையை மாமா கையில் கொடுக்கச் சொன்னார். இரண்டு வருஷம் கவருக்குள் கிடந்த புடவை, அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. "இது யாருதுன்னு தெரியாதுங்கய்யா" என்று மாமா சொல்லி வாய் மூடவில்லை, அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது! பாசி வாடை எனக்கே அடித்தது. கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி, "தண்ணி பாட்டில உள்ள எடுத்தாராதீங்கன்னா கேக்கறீங்களா" என்று திட்டிக்கொண்டே தரையைத் துடைத்தார். மாமா கையில் பாட்டில் ஏது? திருப்பி வாங்கினபோது புடவை காய்ந்தேதான் இருந்தது.

வெளியே வந்ததும் அரசு வக்கீலிடம் கேட்டேன். "நானும் பாத்தேம்மா. ஆனா இத எந்த ரெக்கார்டுல ஏத்தறது?" என்றார்.

செல்வி புருஷன் விடுதலையானான். மாமா ஏன் மாறினார் என்பது அடுத்த மாசம் கல்யாணப் பத்திரிகையாக வந்தது. தன் மகள் கவிதாவை அவன் தம்பிக்கே கொடுக்கிறாராம். "பழச மறந்துடும்மா, என் பொண்ணு நல்ல எடத்துல வாழணும்ல" என்று நீட்டினார். கை ஈரமாக இருந்தது. வேர்வை என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவளின் மகளை விற்றுவிட்டு, என் வாசலிலேயே வந்து நிற்கிறார் பாருங்கள்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தீர்ப்பு நகலையும் பத்திரிகையையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். தீர்ப்பு காய்ந்து கிடக்கிறது. பத்திரிகையில் கவிதாவின் பெயர் இருக்கிற இடம் மட்டும் ஈரம். வெயிலில் வைத்தேன், இஸ்திரிகூடப் போட்டுப் பார்த்தேன், காயவில்லை. கவிதா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வாரா வாரம் போன் போடுகிறேன். "நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்பாள். பேசிக்கொண்டே பீரோவைத் திறந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். நேற்றும் விரல் நனைந்தது.