மாமா உட்கார முடியாத வண்டி

அக்கா வீட்டுக்காரருக்குத் தொப்பை இல்லாதிருந்தால் நான் ரேஸ் கார் ஓட்டியிருக்கவே மாட்டேன்.

மாமா கண்ணமங்கலத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அதற்கு முன் மெட்ராசில் ஒரு கராஜில் வேலை பார்த்தவர். ரேஸ் வண்டிகளும் அங்கே வரும். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய ரேஸ் கார் ஒன்றின் எலும்புக்கூட்டை அந்தக் கராஜிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். முன்பக்கம் நசுங்கி, வேண்டாமென்று மூலையில் போட்டிருந்த வண்டி. மழைக்காலம் முழுக்க அதை நிமிர்த்தி, பற்றவைத்து, பழைய பியட் எஞ்சினைப் பொருத்தினார். எல்லாம் முடிந்து ஏறி உட்காரப் போனால், தொடை வரைதான் உள்ளே போனது. அதற்குமேல் அவர் இறங்கவில்லை. மறுபடி வெளியே எடுக்கவே இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் ஜீப்புக்கு பிரேக் பார்க்க அங்கே போயிருந்தேன். ஒல்லி, குள்ளமும்கூட. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், நீ ஒக்காரு."

உட்கார்ந்தேன். எனக்காகவே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

அப்போது நான் போளூருக்கும் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவே வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு சந்தவாசலில். மலையிலிருந்து புளி மூட்டை, சாமை மூட்டை, அவற்றின் மேல் ஆட்கள். திரும்பும்போது உப்பு, மண்ணெண்ணெய், மறுபடி ஆட்கள். கீழே சாலையில் மாட்டு வண்டியும் பஸ்ஸும் ஓயாது என்பதால், பழக்கத்துக்கு ரேஸ் காரை மினி லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவோம். மேலே கொஞ்சம் சமமான சாலை உண்டு. ஆனால் அறுவடைக் காலத்தில் அந்தச் சாலைதான் களம். முதல் தடவை ஒரு வளைவில் திரும்பினால், சாலை நிறையச் சாமைக் கதிர் காய்கிறது. மிதித்து நிறுத்தினேன். கதிரைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சாமி இது? மீதி வண்டி எங்க?"

"இவ்ளோதான்மா வண்டி."

"பாவம்" என்றார். கதிரை ஒரு பக்கமாகத் தள்ளி வழி விட்டார்.

பந்தயம் சோழவரத்தில் நடக்கும். யுத்த காலத்து விமான ஓடுதளம். ஓரமெல்லாம் தார் டின்னும் வைக்கோல் கட்டும். என்னைப் போலப் புதியவர்களுக்குத் தனிப் பிரிவு. எல்லாமே இப்படி ஒட்டுப்போட்ட வண்டிகள். முதல் வருஷம் பாதியிலேயே எஞ்சின் நின்றுபோய், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் மூன்றாவதாக வந்தேன். அதற்கடுத்த வருஷம் ஜெயித்தேன். அக்கா வீட்டிலேயே ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். கோப்பையை வாங்கித் தையல் மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த வெற்றியைப் பார்த்துத்தான் மெட்ராஸ் கராஜ் முதலாளி தன் வண்டியைக் கொடுத்தார். அது அடுத்த பிரிவு. எல்லோருக்கும் ஒரே அளவு எஞ்சின் என்பதால் கையும் காலும்தான் பேச வேண்டும். பெங்களூர், கோயம்புத்தூர் என்று ஊர்கள் கூடின. மாமா ஷெட்டைப் பூட்டிவிட்டு வருவார். நான் ஜீப்புக்கு வேறு ஆள் போட்டுவிட்டு வருவேன். ஆள் கிடைக்காவிட்டால் கடைசி நடையும் முடித்துவிட்டு அப்படியே லாரியில் ஏறுவேன்.

ரேஸ் என்றால் ஜனங்கள் வேகத்தை நினைக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது சுமப்பதுதான். பலகை போட்டு வண்டியை லாரியில் ஏற்றுவது, கயிறு கட்டுவது, வழியெல்லாம் கயிறு தளர்ந்ததா என்று பார்ப்பது, இறக்குவது, டயர் மாற்றுவது, மறுபடி ஏற்றுவது. நடுவில் அரை மணி நேரம் பந்தயம். முழங்கால் இரண்டு பக்கமும் இரும்பில் இடித்துக் கன்றிப்போகும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் அடுப்பு மாதிரி எரியும். மறுநாள் மலைப்பாதையில் ஜீப்.

ஒரு திங்கட்கிழமை, கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டியதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி நிறைய ஆட்கள். ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினேன்.

"என்னால முடியல. கொஞ்சம் கண்ண மூடிக்கட்டுமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தூங்கு சாமி, மலை எங்க போயிடப்போவுது" என்றார்.

ஸ்டியரிங்கில் தலை வைத்தது தெரியும். விழித்தபோது வெயில் எதிர்ப்பக்கம் போயிருந்தது. எல்லோரும் சாலையோர மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். களி உருண்டையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். சந்தைக்குப் போக வேண்டியவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள். ஒருவர்கூட ஹாரனை அடித்து எழுப்பவில்லை.

"தூங்கினியா? போலாமா?" என்று கேட்டு ஏறிக்கொண்டார்கள்.



அந்த வருஷம்தான் எங்கள் பிரிவில் நான் முதலிடம். கடைசிப் பந்தயம் முடிந்ததும் முதலாளி தோளில் கை போட்டார்.

"அடுத்த வருஷம் பெரிய வண்டிப்பா உனக்கு. இம்போர்ட்டட். மெட்ராசுக்கே வந்துடு, ரூம் பாத்துத் தர்றேன்."

அதற்கு மேல் பிரிவே கிடையாது. எத்தனையோ பேர் ஏங்கிக் கிடந்த இடம். அந்த நிமிஷம் எனக்குள் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். ஆனால் எதிரே லாரியும் சாய்த்துவைத்த பலகையும் தெரிந்தன. இதை இன்னும் எத்தனை தடவை என்றுதான் தோன்றியது. "சொல்றேன் சார்" என்றேன்.

திரும்பும் வழியில் ஆற்காட்டுக்கு முன்னால் லாரி ரேடியேட்டர் கொதித்தது. மாமா இறங்கித் துணியால் மூடியைத் திறந்தார். நான் குடத்தில் தண்ணீர் வாங்கி வந்தேன்.

"இன்னா சொல்லப்போற?" என்று முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"முடியல மாமா."

"ஒடம்பா, மனசா?"

"ரெண்டும்தான்."

குடம் காலியாகும் வரை ஊற்றினார். மூடியைப் போட்டுத் திருகினார். "சரி, ஏறு" என்றார்.

அக்காதான் விடவில்லை. முதல் வருஷம், உயிருக்கு ஆபத்து என்று அழுதவள் அவள்தான்.

"இத்தினி நாளு பாடுபட்டுட்டு, குடுக்கறப்ப வேணாம்ன்றியே, இன்னா பைத்தியமா? நாலு பேர் கேட்டா நான் இன்னாத்த சொல்றது?"

"தூக்கம் வருதுன்னு சொல்லுக்கா."

அடுத்த தை வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் சோறு மட்டும் போடுவாள், தட்டை நங்கென்று வைத்து. பெரிய வண்டி பெங்களூர்ப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. நாங்கள் ஒட்டுப்போட்ட பழைய வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். மாமா ஷெட்டை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க ஆரம்பித்தார்.

மறுவருஷம் சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கப் போகலாம் என்று மாமாதான் கூப்பிட்டார். டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாகச் சவுக்குக் கட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பெங்களூர்ப் பையன் நன்றாகவே ஓட்டினான். அவன் பிரேக்கை மிதிக்கும் இடத்தில் என் கால் தானாக அழுந்தியது. பொறாமை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு மூன்று சுற்று வரை அது போகவில்லை. பிறகு வெயில் ஏறியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டையில் சாய்ந்தேன். எஞ்சின் சத்தம் கிட்டே வந்தது, தூரப் போனது, மறுபடி வந்தது.

மாமா தோளை உலுக்கினார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"யாரு மாமா ஜெயிச்சது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடுதளத்தைப் பார்த்தார். அவர் கன்னத்தில் கட்டையின் வரி பதிந்திருந்தது.

"யாருக்குத் தெரியும்? வா, பஸ்ஸப் புடிக்கலாம்."