ஏழாம் பெட்டிக்கு முப்பத்தொரு நாள்

2024 டிசம்பர் 11, புதன்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது, வாடைக்காற்று விடவில்லை. மாட்டை அவிழ்த்து வரலாமென்று படலையைத் திறந்தேன். தெரு இருட்டாகக் கிடந்தது. எரிந்துகொண்டிருக்க வேண்டிய மஞ்சள் விளக்கு எரியவில்லை. அதைக் கவனித்த அந்தக் கணத்திலேயே பிறேக் பிடிக்கும் சத்தம் கேட்டது.

அந்த விளக்கு எங்கள் தெருவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நான்கு பேர் வந்து, புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போகும் எங்கள் தெருவில் மூன்றரைக் கிலோமீற்றருக்குப் பதினான்கு இரும்புக் கம்பங்களை நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்கு மேலே ஒரு விளக்கு. பெரிய உடம்புள்ள மிருகம் எதுவும் தெருவுக்கு வந்தால் பெட்டி அதன் சூட்டை உணர்ந்து விழித்துக்கொள்ளும், விளக்கை எரிக்கும், வயரில்லாமல் அடுத்த பெட்டிக்குச் செய்தி அனுப்பும். மிருகம் போய்விட்டால் தூங்கிவிடும். முதலில் சூரிய ஒளித் தகடுகளும் பூட்டியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பதினொரு தகடுகள் களவு போய்விட்டன. அதன்பிறகு பெட்டிக்குள் பற்றறி மட்டும் வைத்துப் பூட்டினார்கள்.

பற்றறி எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பெட்டியையும் வந்து பார்க்க வாகனக் கூலி கட்டாது. அதை முன்கூட்டிக் கணிக்கத்தான் அவர்கள் கணினியைப் பழக்கியிருந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பெண் பொறியியலாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், எனக்கு அதை விளங்கப்படுத்தினார்.

"நாங்கள் சூத்திரம் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை ஐயா. ஓமந்தைப் பக்கம் யானை கடக்கிற ஒரு தெருவிலை ஒரு வருசமா இந்தப் பெட்டியள் நிண்டது. அங்கை செத்த பற்றறி ஒவ்வொண்டின்ர கதையையும் அதுக்குக் காட்டினம். எத்தினை தரம் முழிச்சது, எவ்வளவு வெக்கை, எவ்வளவு மழை, எப்ப செத்தது. அதைப் பாத்துப் பாத்து அதுவே பழகிச்சுது."

"அப்ப எங்கட பற்றறியின்ர சாவை இப்பவே சொல்லுமோ?"

"கிட்டமுட்டச் சொல்லும்."

நான் முப்பத்தொரு வருடம் குளங்களில் நீர்மட்டம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணைக் கண்டால் எனக்கு ஒரு ஆறுதல். எங்கள் படலைக்கு நேரே நின்றது ஏழாம் பெட்டி என்பதால் என் போனுக்கும் செய்தி வருமாறு செய்துவிட்டுப் போனார். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குப் பதினான்கு பெட்டிகளின் மீதி நாட்களும் வரும். தேநீர் குடித்தபடி நான் வாசிப்பேன். மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு உங்கட பிள்ளைக்கு எத்தினை நாளாம்?"

"நூற்றிப் பதினாறு."

"எனக்கெத்தினை எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன். செத்தவீட்டுக்கு அரிசியை அளந்து ஊறப்போடலாம்."

அவளிடம் ஒரு சிவலைப் பசு இருந்தது. அவளிடம் என்றுதான் சொல்லவேண்டும். போர் முடிந்து மீள்குடியேறி வந்த நாளிலிருந்து வீட்டுக் காசு என் கையில்தான். சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் அவள் கேட்பாள், நான் கொடுப்பேன், மிச்சக் காசை எண்ணி வாங்குவேன். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. போன வருடம் அவள் தன் ஒற்றைக் காப்பை விற்றுக் கன்று போடாத அந்தப் பசுவை வாங்கிவந்து முற்றத்தில் கட்டினாள்.

"இது கன்று போட்டால் பால் சேகரிக்கிற இடத்திலை ஊத்துவன். அந்தக் காசுக்கு நீங்கள் கணக்குக் கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டன்."

"வாயாலை கேக்கமாட்டியள். மனசுக்குள்ளை கூட்டுவியள். எனக்குத் தெரியாதே!"

டிசம்பரில் பசு ஏழு மாதச் சினை. தை கடந்து மாசியில் கன்று போடும். பால் பாத்திரம்கூட வாங்கி அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்திருந்தாள்.

காலபோக நெல் விதைத்தபின் மாடுகளை வயல் பக்கம் விட முடியாது. கார்த்திகை மழையில் வளவெல்லாம் தண்ணீர். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். காய்ந்த இடம் தார்த் தெரு ஒன்றுதான். வருடாவருடம் மாடுகள் அங்கேதான் படுக்கும். வருடாவருடம் இரண்டு மூன்று அடிபட்டுச் சாகும். இந்த வருடம் விளக்கு இருந்தது. மாடு படுத்தால் விளக்கு எரிகிறது, வாகனக்காரர் தூரத்திலேயே மெதுவாக்குகிறார்கள் என்பதை ஊர் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டது. ஏழாம் பெட்டி நின்ற இடம் தெருவில் கொஞ்சம் மேடு. தங்கள் வீட்டடியில் வேறு பெட்டி இருந்தவர்கள்கூட மாட்டை இங்கே சாய்த்துக்கொண்டு வந்து தெரு ஓரத்தில் கட்டை அடித்துக் கட்டினார்கள். நாங்களும் கட்டினோம்.

தண்ணீரூற்று ஊரிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் பதினொரு மாடுகள். பின்னேரத்தில் அவற்றைக் கட்டிவிட்டுக் கம்பத்தைத் தட்டிக்கொடுத்துச் சொல்வார்: "சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை. இப்படி ஒரு காவக்காரன் நம்மட வாழ்க்கையிலை கிடைச்சதில்லை ஐயா. மாடெல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ படுத்திருக்கு!"

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று மாடுகள்.

அந்த நாட்களில்தான் ஏழாம் பெட்டியின் எண் வேகமாக இறங்கத் தொடங்கியது. நவம்பர் இருபத்தைந்தில் எழுபத்தெட்டு. டிசம்பர் பத்தில் முப்பத்தொன்று. பதினைந்து நாளில் நாற்பத்தேழு நாள் போயிருந்தது. மற்றப் பெட்டிகள் ஒழுங்காக நாளுக்கு ஒன்று என்று இறங்கின. பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன்.

"மழைக்கும் குளிருக்கும் கொஞ்சம் அப்பிடி ஓடும் ஐயா. பிறகு நிலைக்கும். முப்பதுக்குக் கீழை போனால் நாங்கள் உடனை வந்து மாத்துவம்."

எனக்கு மனம் அமைதிப்படவில்லை. நானே கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று என்று இறங்கினாலும் இன்னும் பத்து நாள் கிடக்கிறது. வளவில் மண் கொட்டி ஒரு மேடு போட்டு அதில் மாட்டைக் கட்ட இருவரைக் கூலிக்குக் கேட்டேன். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

மனைவி படலையில் நின்று விளக்கைப் பார்த்தாள். "நல்லாத்தானே எரியுது. டோர்ச் மாதிரி மங்கினால் எங்களுக்குத் தெரியாமல் விடுமே?"

"ஓம், தெரியும்" என்றேன்.

அந்த வகைப் பற்றறி மங்காது. கடைசி மணித்தியாலம்வரை முழுப் பலத்தோடு நிற்கும். பிறகு ஒரேயடியாக விழும். இது எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை பிறேக் பிடித்தது முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றிவந்த வான். மற்ற மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சிதறின. எங்கள் பசு படுத்த இடத்திலிருந்து எழும்பப் பின்பக்கக் கால்களை ஊன்றியிருந்தது. அப்படியே செத்துக் கிடந்தது. வானின் முன்பக்கம் உள்ளே போயிருந்தது. உடைந்த பெட்டிகளிலிருந்து ஐஸ் கட்டிகளும் சூடை மீனும் தெருவில் சிதறியிருந்தன. சாரதிக்கு நெற்றியில் ஒரு கீறல். இறங்கி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, லைற் எரியேல்லை ஐயா. லைற் எரியாட்டி மாடில்லை எண்டுதானே நாங்கள் வேகமா இழுத்துக்கொண்டு வாறனாங்கள்!"

அவனை ஏச வாயெடுத்த நானா அதைக் கேட்டதும் குனிந்து, சிதறிக் கிடந்த மீனைப் பொறுக்கத் தொடங்கினார்.

மனைவி வந்து மழை ஈரத்தில் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கன்று அசைகிறது என்றாள். மிருக வைத்தியர் எட்டு மணிக்கு வந்தார். அதற்கு முன்பே அசைவு நின்றுவிட்டது. அவள் கையை எடுத்தாள், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு என் சட்டைப் பையில் போன் அடித்தது. பழக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பெட்டி: முப்பத்தொரு நாள். செத்த பெட்டியால் எதுவும் அனுப்ப முடியாது. அதனால் நேற்றைய எண்ணையே கணினி திருப்பிச் சொல்லியிருந்தது. அன்றைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பொறியியலாளர் வந்தார். பெட்டியைக் கழற்றி எங்கள் விறாந்தையில் வைத்துத் தன் கணினியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பெட்டி இரவு முழுக்க நித்திரையே கொள்ளேல்லை. ஓமந்தையிலை யானை வரும், கடக்கும், போயிடும். ரெண்டு நிமிசம். இஞ்சை வந்தது ஒண்டும் போகேல்லை. இப்பிடி ஒரு இரவை எங்கட கணினி மொடல் ஒருநாளும் கண்டதில்லை. தெரியாத இரவுக்கும் அது தெரிஞ்ச மாதிரி ஒரு எண்ணைச் சொல்லியிருக்கு."

மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அது யானையைப் பாத்துப் படிச்சது. மாடு படுக்கும் எண்டு அதுக்கு ஆர் சொன்னது, பிள்ளை? நாங்களும் சொல்லேல்லைத்தானே."

அந்தப் பிள்ளை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதது. பிறகு, மிகவும் தயங்கி, அந்த இரவுகளின் பதிவைக் கணினிக்குக் காட்டலாமா, அப்படிக் காட்டினால் வேறு ஊர்களில் இது நடக்காது என்று கேட்டது. நானும் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"காட்டுங்கோ" என்றாள். "என்ர மாடு கிடந்த கடைசி இரவையும் சேர்த்துக் காட்டுங்கோ."

தெருவில் மாட்டைக் கட்டியது எங்கள் பிழை. வான்காரருடைய நட்டத்தை நானே கொடுப்பதென்று ஊரில் பேசி முடித்தோம். அது முடிந்தபின் வங்கிக்குப் போய், ஒரு பசு வாங்கக்கூடிய காசை எடுத்துவந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். எண்ணாமல்தான் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "உங்கட காசிலை வாங்கினால் அது உங்கட மாடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது.

இப்போது சீனி முடிந்தால் வந்து நிற்கிறாள். நான் கேட்பதற்கு முன்பே விலையைத் தானே சொல்கிறாள், எவ்வளவு மிச்சம் வரும் என்பதையும் சொல்கிறாள். மிச்சக் காசை வாங்கமாட்டேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கடையால் வந்ததும் மேசையில் வைத்துவிட்டுத்தான் குசினிக்குள் போகிறாள்.

வானைத் திருத்த எண்பத்தையாயிரம். புதைக்கக் குழி வெட்டிய பெக்கோ இயந்திரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. மிருக வைத்தியருக்கு மூவாயிரம். பசு அவளுடையது; அதன் விலையை என் கணக்கில் சேர்க்க எனக்கு உரிமையில்லை. எனக்குச் செலவானது தொண்ணூற்றையாயிரத்து ஐந்நூறு ரூபாய்.